ஐந்து பேருக்கு ஓர் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பு தங்கள் நாளிதழில் வெளிவந்த சுற்றுலாப் பக்கத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் படித்தோம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று மலையூர்களின் படங்களும், ஓர் ஆளுக்கு மூன்று நாளைக்கு இவ்வளவு என்ற தொகையும் அச்சாகியிருந்தன. அந்தத் தொகையை ஐந்தால் பெருக்கிப் பார்த்த பிறகு, பக்கத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டோம். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. போகக்கூடியவர்களுக்கு அந்தப் பக்கம் பயன்பட்டிருக்கும். ஆனால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு நாள் வெளியே அழைத்துச் செல்ல விரும்பியும் கணக்கு இடிப்பதால் வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஏராளம். அவர்களில் ஒருத்தியாக, அந்தக் கணக்கு சரியாக எந்த இடத்தில் இடிக்கிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. மகன் ஒன்பதாம் வகுப்பும் மகள் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் ஞாயிறு தவிர வேறு விடுமுறை இல்லை. சனிக்கிழமை ஒருநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் ஞாயிறோடு சேர்த்து இரண்டு நாள் கையில் வரும். ஆகவே 'குறுகிய பயணம்' என்பது எங்களுக்கு வேறு வழியில்லாமல் வாய்த்தது.

எங்கள் தலைமுறைக்கு இப்படியொரு கணக்கே தேவைப்பட்டதில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனால், பள்ளி திறப்பதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் திரும்புவோம். என் தாய்வழி ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பலா பழுத்திருக்கும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குவோம், பம்புசெட்டில் குளிப்போம், இரவில் வாசலில் பாய் விரித்துப் பதினோரு பேர் வரிசையாகப் படுப்போம். ஒரு காசு செலவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அந்தத் தோப்பில் இருந்த பலாவும் முந்திரியும் ஒரே காலைக்குள் வேரோடு சாய்ந்தன. பலா மறுபடி காய்க்கக் காத்திருக்கும் வயது ஆயாவுக்கு இல்லை. நிலம் விற்கப்பட்டது, மாமா திருப்பூருக்குப் போனார், வீடு பூட்டப்பட்டது. பண்ருட்டி வட்டாரத்தில் இந்தக் கதை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது அல்ல. விடுமுறைக்குப் போக ஓர் ஊர் இல்லாத பிள்ளைகள் இப்படித்தான் உருவானார்கள். அவர்களுக்குத்தான் இப்போது பணம் கொடுத்து ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் போய் வரும் இடங்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு நகரப் பேருந்தில் போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் மூவருக்கும் சீட்டுச் செலவு கிடையாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குப் பயணம் இலவசம் என்று ஆனது எங்களைப் போன்ற வீடுகளின் மாலை நேரங்களை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அங்கேயே புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைக் காட்டி, 1690-இல் ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கியபோது பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் வரையிலான ஊர்களும் தங்களுக்கே என்று பேசிக்கொண்டு சுட்டார்கள் என்றும், குண்டு உப்பலவாடி என்ற பெயரில் இருக்கும் குண்டு அதுதான் என்றும் சொன்னால், ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான். புதுச்சேரி நமக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அங்கே பாரதி வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு, 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம். பிள்ளைக்கு ஒரு பஞ்சுமிட்டாய், பெரியவர்களுக்கு ஒரு தேநீர், செலவு அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் படுக்கும் பயணம் ஒரு வகை, வெளியூரில் ஓர் இரவு கண்ணுறங்கி எழும் பயணம் இன்னொரு வகை. முதல் வகையில் வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வே இல்லை. விடியற்காலையில் கட்டுச்சோறு கட்டுகிறவளும் இரவு பத்து மணிக்கு வந்து பாத்திரம் கழுவுகிறவளும் அவள்தான். தவிர, இங்கே சில இடங்களைக் கோடையில் ஒருநாள் பயணமாகப் பார்க்கவே முடியாது. பிச்சாவரம் அதற்கு நல்ல சான்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் சுரபுன்னைகளின் வேர்கள் தண்ணீருக்கு மேலே கமானிட்டு நிற்கும் அந்தக் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகில் நுழைய வேண்டுமானால் காலையிலேயே போக வேண்டும். கடலூரில் விடியலில் கிளம்பி, சிதம்பரத்தில் இறங்கி, அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து, படகுத்துறை வரிசையில் நின்று ஏறும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அக்கினி நட்சத்திரத்தில், கூரையில்லாத படகில், அந்த நேரத்தில் வயதானவரையும் குழந்தையையும் உட்காரவைப்பது பயணமல்ல, தண்டனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் அப்படிப் போய், மகளுக்கு மயக்கம் வந்து, பாதியில் திரும்பினோம்.

ஆகவே கடந்த மே மாதம் முறையை மாற்றினோம். சனிக்கிழமை மதியம் கிளம்பி, மாலையில் சிதம்பரம் நடராசர் கோயிலில் நடை திறந்ததும் உள்ளே போனோம். கோபுர வாயில்களின் சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்களும் சிலைகளாக இருக்கின்றன. பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிற என் மகள் அவற்றில் எந்தெந்த நிலை தனக்கு வரும் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்ததில், ஒரு வாயிலைக் கடக்கவே எங்களுக்கு நெடுநேரம் ஆயிற்று. இந்தத் தலத்துக்குத் தில்லை என்ற பெயர் தில்லை மரத்தால் வந்தது என்று மாமியார் பிள்ளைகளிடம் சொன்னார். அந்த மரம் எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் காலை பிச்சாவரத்தில் படகோட்டி ஒரு மரத்தைத் துடுப்பால் சுட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிட்டே கை நீட்டாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, இதுதான் தில்லை என்றார். கோயிலைச் சுற்றி இன்று இல்லாத அந்த மரம் இந்தக் கழியின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. முதல்நாள் மாலை கேட்ட பெயரையும் மறுநாள் காலை பார்த்த மரத்தையும் பிள்ளைகள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்தக் காடு தன் பின்னால் இருந்த ஊர்களை எப்படிக் காத்தது என்பதையும் அவர் சொன்னார். எட்டரை மணிக்குள் கரைக்குத் திரும்பிவிட்டோம். யாருக்கும் மயக்கம் வரவில்லை.

இனி கணக்கு. பேருந்தும் படகும் சேர்த்து 1,150 ரூபாய். இரண்டு நாள் சாப்பாடு, முதல்நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிச் சென்ற புளிசாதம் நீங்கலாக, 1,050 ரூபாய். அர்ச்சனை, தண்ணீர், நுங்கு, மகள் அடம்பிடித்து வாங்கிய சோழி மாலை ஆகியவற்றுக்கு 230 ரூபாய். அறை வாடகை 2,800 ரூபாய். ஆக மொத்தம் 5,230 ரூபாயில், கண்ணை மூடிப் படுத்திருந்த ஆறேழு மணி நேரத்துக்கான செலவே பாதிக்கு மேல்.

அந்த 2,800 ரூபாய் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் கடிதத்தின் பொருளே அதுதான். ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் கேட்டபோது அறைக்கு 900 ரூபாய் என்று சொன்ன லாட்ஜில், நேரில் போய் நின்றதும், இது சீசன், 1,400 ரூபாய் என்றார்கள். சரி என்று தலையாட்டிய பிறகு, ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் கூடாது, இரண்டு அறை எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் பாயில் படுத்துக்கொள்வார்கள், பாயும் போர்வையும் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லியும் பலனில்லை. ஐந்து பேரின் ஆதார் நகல் கேட்டு, மகளுடையது இல்லாததால் அதற்கும் பேச்சுக் கேட்டோம். மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி பேருந்து ஏறி வேறு இடம் தேடும் நிலையில் நாங்கள் இல்லை என்பது எதிரே இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கணக்கு எழுதுகிறவள் என்ற பழக்கத்தில் ரசீது கேட்டேன். துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த விடுதியின் பெயரை எழுதுவது என் நோக்கமல்ல. விசாரித்தவரையில் விடுமுறை வாரங்களில் பல ஊர்களில் இதுவே வழக்கம்.

வரியைப் பற்றியும் ஒரு வரி. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு முன்பு சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அந்த விலக்கை 2022 ஜூலை 18 முதல் நீக்கி 12 சதவீதம் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லது. ஆனால் 7,500 ரூபாய் வரையிலான அறைகள் எல்லாவற்றுக்கும் அதே 5 சதவீதம் என்று வைத்ததில், 800 ரூபாய் அறையில் தங்குகிறவரும் 7,000 ரூபாய் அறையில் தங்குகிறவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். பழைய விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தால் அரசுக்குப் பெரிய இழப்பு வராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நான் முன்வைக்கும் வழி பெரிய செலவு பிடிக்காதது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடுதிகளை நடத்துகிறது. இந்து சமய அறநிலையத் துறை பல கோயில் ஊர்களில் பக்தர்கள் தங்கும் விடுதிகளை நடத்துகிறது. இவற்றில் இரண்டு கட்டில் போட்ட, இருவருக்கான அறைகளோடு, ஐந்து அல்லது ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கக்கூடிய, மின்விசிறியும் உள்ளேயே கழிவறையும் கொண்ட, குளிர்சாதனம் இல்லாத 'குடும்ப அறை' என்ற ஒரு வகையைச் சேர்க்க வேண்டும். ஓர் அறைக்கு ஒரே வாடகை, தலைக்கணக்கு இல்லை. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறை வாரங்களில் அந்த அறைகளில் ஒரு பகுதியை அதே மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். யார் குடும்பம் என்ற ஐயம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஐந்து பேருக்கு ஐந்து அடையாள அட்டை கேட்பதற்குப் பதில் மின்னணுக் குடும்ப அட்டையைக் காட்டச் சொன்னால் போதும். அரிசிக்குச் செல்லுபடியாகிற அட்டை ஓர் இரவுப் படுக்கைக்குச் செல்லாதா? சிதம்பரத்தில் பெரிய கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இல்லை என்பதால் அங்கே சுற்றுலாக் கழகமே இதைச் செய்ய வேண்டியிருக்கும். திருவகீந்திரபுரம், விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் அறநிலையத் துறையால் முடியும்.

விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் அரசு மாணவர் விடுதிகளைத் திறந்துவிடலாமே என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பிள்ளைகளின் பெட்டிகள் அங்கே இருக்கும். சுண்ணாம்பு அடிப்பதும் குழாய் மாற்றுவதும் அந்த ஒரு மாதத்தில்தான் நடந்தாக வேண்டும். ஊருக்குப் போக வேண்டிய காவலரையும் சமையலரையும் நமக்காக நிறுத்தி வைப்பது நியாயமல்ல. நம் ஓய்வுக்கு இன்னொருவர் ஓய்வைப் பிடுங்கக் கூடாது.

இது புதிய யோசனையும் அல்ல. வழிப்போக்கர்களுக்கு இரவு தங்கச் சத்திரம் கட்டிவைத்த நாடு இது. நம் மாவட்டத்தின் வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். அரையாண்டு விடுமுறையில் நாங்கள் வடலூர் போனபோது, 1872-இல் எழுப்பப்பட்ட சத்திய ஞான சபையைப் பார்த்துவிட்டு அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டோம். அன்று இரவு தங்கியது நெய்வேலியில், கணவருடன் வேலை பார்த்தவரின் வீட்டில். மறுநாள் விருத்தாசலம் போய்த் திரும்பினோம். இரண்டு நாளுக்குமாகச் சேர்த்து ஆன செலவு 1,700 ரூபாய். சிதம்பரப் பயணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 3,530 ரூபாய், அதில் 2,800 ரூபாய் அறையால் வந்தது. ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தங்கியதற்குப் பதிலாக நாங்கள் கொண்டுபோன பழமும் பட்சணமும் அந்த அம்மாள் எங்களுக்காகப் பட்ட சிரமத்துக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுமுறை நாட்களில் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் செல்லும் காலைப் பேருந்துகளின் நேரத்தைப் படகுத்துறை திறக்கும் நேரத்தோடு பொருத்தி, அந்த அட்டவணையைச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் எழுதி வைக்க வேண்டும். கடற்கரை, படகுத்துறை ஆகிய இடங்களில் நிழலும் குடிநீரும் பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிவறையும் வேண்டும் என்பதைப் பலர் பலமுறை எழுதிவிட்டார்கள், நானும் கையெழுத்திடுகிறேன். தங்கும் விடுதிகளின் வாசலில் அறை வாடகையை, சீசன் வாடகை என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து, படிக்கும்படி எழுதி வைப்பது கட்டாயமாக வேண்டும். 900 என்றோ 1,400 என்றோ, எதுவானாலும் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு தெரிந்தால் அதற்கேற்ப முடிவு செய்துகொள்வோம்.

எல்லைக்கு அந்தப்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. என் தங்கை அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேர்வும் விடுமுறையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை. இடையில் இருபது கிலோமீட்டர்கூட இல்லாத இரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு பயணம் போவதற்கு நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டியிருக்கிறது. இரு அரசுகளும் கல்வி நாட்காட்டியைத் தயாரிக்கும்போது, கோடையிலும் ஆண்டு இறுதியிலும் குறைந்தது பத்து நாளாவது இருபுறமும் பொதுவாக விடுமுறை வரும்படி பார்த்துக்கொண்டால் நலம். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் திருவக்கரைக்குப் போக வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம் புதுச்சேரிக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது என்பது என் மகனுக்குப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பயணத்துக்கு இரவு தங்கவேண்டியதில்லை. தங்கை வீட்டு மொட்டைமாடி இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த காலாண்டு விடுமுறைக்கு முன்பு சுற்றுலாப் பக்கம் வெளியிடும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு, சிதம்பரம், விருத்தாசலம், செஞ்சி, திருவண்ணாமலை போன்ற ஊர்களில் இரண்டு பெரியவர், ஒரு முதியவர், இரண்டு பிள்ளைகள் அடங்கிய குடும்பம் ஓர் இரவு ஒரே அறையில் தங்க அரசு விடுதிகளிலும் சத்திரங்களிலும் என்ன வாடகை கேட்கிறார்கள், பாய் விரிக்க விடுகிறார்களா, முன்பதிவு யாரிடம் என்ற விவரங்களைத் தங்கள் செய்தியாளர்களைக் கொண்டு விசாரித்து ஒரு கட்டத்துக்குள் போட்டுத் தர வேண்டுகிறேன். அதைக் கத்தரித்து எடுத்துக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.